சௌந்திரத்தோட பிரஷர்

காதுல இருந்து அதைக் கழட்டுங்க தம்பி. உங்களைத்தான். மூணு தடவை கூப்பிட்டாச்சு, கண்ணை மூடிக்கிட்டு அசையாம உக்காந்திருக்கீங்க. மயக்கம் போட்டுட்டீங்களோன்னு பயந்துட்டேன். அந்தப் பையைக் கொஞ்சம் அங்கிட்டு நகட்டுனா காலை நீட்டிக்குவேன், அதுக்குத்தான். ம், போதும். என்ன கேட்டுக்கிட்டு இருந்தீங்க, பாட்டா?

தியானமா! பஸ்லயா! அட ஏந்தம்பி. போனுக்குள்ள இருந்து ஒரு அம்மா மூச்சை இழுங்க விடுங்கன்னு சொல்லுது, நீங்களும் இழுத்து இழுத்து விடுறீங்க. அந்தம்மா சொல்லலேன்னா விடாமலா இருப்பீங்க? கோவிச்சுக்காதீங்க. எனக்கு இந்தத் தியானம்னாலே வயிறு எரியுது. ஏன்னு கேளுங்க. இந்நேரம் திண்டுக்கல்ல என் வீட்டுக்காரிக்குக் கண்ணு ஆபரேஷன். நான் என்னடான்னா பழனி பஸ்ல உங்க பக்கத்துல உக்காந்து வந்துக்கிட்டு இருக்கேன்.

இந்தா, பாக்குறீங்க பாத்தீங்களா. பொண்டாட்டியை ஆபரேஷனுக்குப் படுக்க வச்சுட்டு ஊர் சுத்துறான் பாரு கிழவன்னு நினைக்கிறீங்க. நினைங்க. முழுசாக் கேட்டுட்டு அப்புறம் நினைங்க. பழனி போய்ச் சேர ஒண்ணே முக்கால் மணி நேரம். இந்த டிரைவர் ஓட்டுற லட்சணத்துக்கு ரெண்டாகும்.

அதெல்லாம் எனக்கு அத்துப்படி தம்பி. முப்பத்தோரு வருஷம் திண்டுக்கல் பஸ் ஸ்டாண்டுல டைம் கீப்பர். வீரபத்திரன்னா ஒரு வண்டிக்காரனுக்கும் தெரியாம இருக்காது. வண்டி எத்தனை மணிக்கு உள்ள வருது, எத்தனை மணிக்கு வெளிய போகணும், எல்லாம் நான்தான். மைக் எல்லாம் அப்புறம் வந்தது. அதுக்கு முன்னாடி இந்த விசில்தான். பாருங்க, பித்தளை. ரிட்டையர் ஆகி நாலு வருஷமாச்சு, இன்னும் சட்டைப் பையில கிடக்கு. இதை ஊதிட்டு ஒரு குரல் குடுத்தேன்னா டீக்கடைக்குள்ள இருக்கிற கண்டக்டரு கிளாஸைக் கீழ வச்சுட்டு ஓடியாருவான்.

அதனால குரல் கொஞ்சம் பெருசாப் போச்சு. கோவக்காரன்னு சொல்லுவாங்க, நம்பாதீங்க. எனக்குக் கோவமே வராது. சத்தமாப் பேசுவேன், அம்புட்டுதான்.

யோவ் கண்டக்டரு! ரெட்டியார்சத்திரத்துக்கு எட்டு நிமிஷம் லேட்டு தெரியுதா? அங்க என்ன முன்சீட்டுல அரட்டை? பின்னால ஆளு ஏறுதான்னு பாருய்யா!

நான் திட்டல தம்பி. ஞாபகப்படுத்துறேன்.

விஷயத்துக்கு வர்றேன். என் வீட்டுக்காரி பேரு சௌந்திரம். அவளுக்கு இடது கண்ணு கிடையாது. சின்ன வயசுல அம்மை போட்டுப் போயிருச்சு. கல்யாணத்துக்கு முன்னாடி பொண்ணு வீட்டுல மறைக்காம சொல்லித்தான் குடுத்தாங்க. எனக்கென்ன, ஒரு கண்ணே எனக்குப் போதும்னு கட்டிக்கிட்டேன். முப்பத்தாறு வருஷமா அந்த வலது கண்ணை வச்சுத்தான் சமைச்சா, புள்ளை வளத்தா, தெருவுல பாதிப் பேருக்கு ஜாக்கெட் தச்சுக் குடுத்தா. அந்தக் கண்ணுலதான் இப்ப புரை.

ஒரு நாள் தோசை ஊத்துறா, மாவு கல்லுல விழுகாம அடுப்புல விழுகுது. நான் சத்தம் போட்டேன். அப்புறந்தான் தெரிஞ்சுது அவளுக்குக் கல்லு எங்க இருக்குன்னே தெரியலன்னு. ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போனா டாக்டரம்மா சொன்னாங்க, புரை நல்லா முத்திப்போச்சு, இன்னும் தள்ளிப்போட்டா உள்ள வீங்கி நரம்பைக் கெடுத்துரும், அப்புறம் யாராலயும் பார்வையைத் திருப்பித் தர முடியாதுன்னு. இருக்கிறதே ஒரு கண்ணு தம்பி. அதுவும் போச்சுன்னா இருட்டுதான்.

சரி, தேதி குடுத்தாங்க. காலையில ஏழு மணிக்கெல்லாம் போய் நிக்கிறோம். வாசல்ல வாட்ச்மேன், வண்டியை அங்க போடாத இங்க போடாதங்கிறான். டோக்கன் குடுக்கிற புள்ளை, எங்களுக்குப் பின்னாடி வந்தவனுக்கு முதல்ல குடுக்குது. விடுவேனா? பஸ் ஸ்டாண்டையே வரிசையில நிறுத்துனவன். ஆஸ்பத்திரியே திரும்பிப் பாக்குற மாதிரி கேட்டேன். நியாயத்தைத்தான் கேட்டேன். டோக்கனும் முதல்ல வாங்கிட்டேன். உள்ள போயி பிரஷர் பாத்தா நூத்தித் தொண்ணூறு! இவ்வளவு பிரஷர்ல கண்ணுல கத்தி வைக்க முடியாது, ரத்தம் கசிஞ்சுரும், மாத்திரை போட்டுட்டு மறுபடி வாங்கன்னு அனுப்பிட்டாங்க.

ரெண்டாவது தேதியும் அதே கதை. மாத்திரை போட்டு, உப்பைக் குறைச்சு, ஊறுகாயை ஒளிச்சு வச்சு, எல்லாம் பண்ணிட்டுத்தான் போனோம். அன்னைக்கு லிப்ட் வேலை செய்யல. அதைக் கேக்காம இருக்க முடியுமா? கேட்டேன். மேல போயிப் பாத்தா நூத்தி எண்பத்தாறு. டாக்டரம்மா என்னை ஒரு பார்வை பாத்தாங்க. பாத்துட்டு அவகிட்டச் சொன்னாங்க, அம்மா மாத்திரை மட்டும் பத்தாது, மனசு அமைதியா இருக்கணும், தினம் இருபது நிமிஷம் கண்ணை மூடி மூச்சைக் கவனிங்க, உடம்பு தன்னால அடங்கும்னு.

அவகிட்டச் சொன்னாங்கன்னா என்ன, எங்கிட்டச் சொன்ன மாதிரிதானே. அன்னைக்கே பொறுப்பை எடுத்துக்கிட்டேன். காலண்டர் அட்டைக்குப் பின்னால டைம் டேபிள் போட்டு ஆணி அடிச்சு மாட்டிட்டேன். அஞ்சு பத்துக்கு எந்திரிக்கணும். அஞ்சு இருபதுக்குப் பாய். அஞ்சு இருபத்தஞ்சுக்கு மூச்சு. ஒரு விசில் அடிச்சா இழுக்கணும், ரெண்டு விசில் அடிச்சா விடணும். சிரிக்காதீங்க தம்பி. ஒரு ஒழுங்கு வேணாமா?

எதிர்லயே நாற்காலி போட்டு உக்காந்துக்குவேன். அவ கண்ணை மூடுவா. ஆனா முகத்தைப் பாத்தா பல்லுவலிக்காரி மாதிரி இருக்கும். முகத்தைத் தளர்த்துன்னு சொல்லுவேன். தளர்த்த மாட்டா. தோளைத் தளர்த்துடின்னு சொல்லுவேன். தோளு காதுகிட்ட ஏறி நிக்கும். ஒரு நாள் பொறுக்க முடியாம, ‘அமைதியா இருன்னு சொல்றேன்ல! இருக்க மாட்டியா? அமைதியா இரு!’ன்னு ஒரு குரல் குடுத்தேன். பக்கத்து வீட்டுக்காரர் சுவரேறி எட்டிப் பாத்து, என்ன சார் எதுவும் திருடனான்னு கேட்டாரு.

வீட்டுலயே பிரஷர் பாக்குற மிஷினும் வாங்கி வச்சிருந்தேன். பதினஞ்சு நாள் கழிச்சுப் பாத்தா நூத்தித் தொண்ணூத்தி நாலு. தியானம் ஆரம்பிச்சதுக்கு அப்புறம் எட்டு கூடியிருக்கு! டாக்டரம்மா சொன்னதைத்தான் செஞ்சோம், எங்க தப்புன்னு எனக்கு விளங்கவே இல்ல.

என் மக சுகந்தி, திண்டுக்கல்லயேதான் கட்டிக் குடுத்திருக்கோம், அவதான் யோசனை சொன்னா. அப்பா, தெரியாத விஷயத்தை எப்படிச் சொல்லிக்குடுக்க முடியும்? நீங்க முதல்ல முறையா கத்துக்கிட்டு வாங்க. பழனிக்கு முன்னால ஆயக்குடிப் பக்கம் கொய்யாத் தோப்புக்குள்ள ஒரு தியான மண்டபம் இருக்கு, பத்து நாள் முகாம் நடத்துறாங்கன்னா. நியாயமாத்தான் பட்டுச்சு. சௌந்திரத்துக்காகத்தானேன்னு கிளம்பிட்டேன்.

அங்க போனதும் முதல் வேலையா போனை வாங்கி வச்சுக்கிட்டாங்க. அடுத்து வாசனை சோப்பை. குளிக்கிற சோப்பு கூடவாய்யா மனசைக் கெடுக்கும்னு கேட்டேன். மாஸ்டர் பூபதின்னு ஒருத்தரு, முன்னாடி இன்சூரன்ஸ் ஏஜெண்டா இருந்தவரு, வாயில விரலை வச்சுக் காட்டுறாரு. பத்து நாளும் பேசக் கூடாதாம்! ஒரு வார்த்தை கூட. பக்கத்துப் பாய்க்காரன் என் துண்டை எடுத்துத் துடைச்சுக்கிறான், கேக்கக் கூடாது. சாம்பார்ல உப்பு இல்ல, சொல்லக் கூடாது.

விடிய நாலு மணிக்கு மணி அடிக்கணும். அந்த ஆளு நாலு நாலுக்கு அடிப்பான், நாலு ஆறுக்கு அடிப்பான், ஒரு நாள் நாலு ஒம்போது! எனக்கு உடம்பெல்லாம் அரிக்கும். வாட்சைத் தூக்கிக் காட்டுவேன். அவன் என்னைப் பாத்துக் கும்பிட்டுட்டுப் போயிருவான்.

அப்புறம் தியானம். மூச்சை மாத்தாதீங்க, சும்மா பாருங்க, வருது போகுதுன்னு மட்டும் கவனிங்கங்கிறாரு மாஸ்டர். வர்றதையும் போறதையும் பாக்குறதுதானேய்யா என் உத்தியோகமே! அதைப் போயா எனக்குச் சொல்லித் தர்ற? ஆனா பாருங்க, கண்ணை மூடுனா மூச்சு ரெண்டு தடவை வரும், மூணாவது வத்தலக்குண்டு வண்டி வந்துரும். அதை அனுப்பிட்டு உக்காந்தா கரூர் வண்டி. போதாததுக்குத் தகரக் கூரைமேல கொய்யாப்பழம் டொம்முன்னு விழுகும். விழுகும்போதெல்லாம் எவன்டா அதுன்னு வாய் வரைக்கும் வரும், முழுங்கிக்குவேன். முட்டியில வலி, இடுப்புல வலி, ஆறாம் நாள் அழுகையே வந்துருச்சு. அமைதின்னு ஒண்ணு எனக்குக் கடைசி வரைக்கும் மருந்துக்குக் கூட வரல.

வீட்டுக்கு வந்ததும் சௌந்திரம் கையில மிஷினைக் கட்டுனேன். எம்புட்டு தெரியுமா? நூத்தி இருபத்தெட்டு!

எனக்கு ஆனந்தம் தாங்கல. மாஸ்டருக்குப் போன் போட்டேன். அவரு கொஞ்சங்கூட யோசிக்கல, உங்க தியான அலை அம்மா வரைக்கும் போயிருக்கு சார்னுட்டாரு. அலை! எனக்கு அமைதி வராததுக்குக் காரணம் இப்பல்ல விளங்குது. வந்தது பூராம் நேரா அவளுக்குப் போயிருச்சு. தெருவுல ஒருத்தர் விடாம சொன்னேன். பால்காரனுக்குச் சொன்னேன். பக்கத்து வீட்டுக்காரரு, ‘ஆமா சார், நீங்க முகாமுக்குப் போனது எங்களுக்கே நல்லா இருந்துச்சு’ன்னாரு. அவரு வீடு ஒட்டுன வீடுதானே, அலை சுவரைத் தாண்டாதா?

ஆனா நான் வந்த நாலாம் நாள் நூத்தி ஐம்பது. ஒரு வாரத்துல நூத்தி எழுபத்தஞ்சு. சரிதான், சார்ஜ் இறங்கிருச்சு, மறுபடி ஏத்திட்டு வருவோம்னு ரெண்டாவது முகாமுக்கு எழுதிப் போட்டேன். சௌந்திரமே பையை அடுக்கிக் குடுத்தா.

இந்தத் தடவைதான் வினை. மூணாம் நாள் விடியக்காலை மணி நாலரை ஆகுது, மணி அடிக்கிற ஆளு குறட்டை விட்டுத் தூங்குறான். எழுபது பேரு படுத்துக் கிடக்காங்க. நான் என்ன பண்ணுவேன்? வாயைத்தானே திறக்கக் கூடாதுன்னீங்க, விசில் அடிக்கக் கூடாதுன்னு யாரும் சொல்லலையே. எடுத்து ஊதிட்டேன். ஒரே ஊது. ஒரு பெரியவரு படுக்கையில இருந்து உருண்டு விழுந்துட்டாரு. போலீசு வந்துருச்சுன்னு ஒருத்தன் ஜன்னல் வழியா தோப்புக்குள்ள குதிச்சு ஓடிட்டான். அவன் ஏன் ஓடுனான்னு அவங்க கேக்கல. என்னையத்தான் போகச் சொல்லிட்டாங்க. மாஸ்டரு மௌனத்தைக் கலைச்சு என்னைத் திட்டுனாரு தம்பி, அதுல எனக்கு ஒரு திருப்தி.

பையைத் தூக்கிக்கிட்டு ரோட்டுக்கு வந்துட்டேன். வீட்டுக்கு எந்த மூஞ்சியை வச்சுக்கிட்டுப் போறது? தெரு பூராம் அலை அலைன்னு சொல்லி வச்சிருக்கேன். பழனிக்குப் போயி ஒரு லாட்ஜ்ல ரூம் போட்டேன். ஏழு நாள். தியானம் கியானம் ஒண்ணும் இல்ல. காலையில டிவி, மத்தியானம் டிவி, சாயங்காலம் பரோட்டா. வெந்நி வரலேன்னு மேனேஜரோட சண்டை, கீழ கடைக்காரனோட சண்டை. அந்த ஏழு நாள்ல நான் ஒரு மூச்சைக் கூட கவனிச்சுப் பாக்கல.

பத்தாம் நாள் ஊருக்குப் போறேன், மத்தியானம். வாசல் கேட்டுகிட்ட வந்துட்டேன். உள்ள இருந்து சிரிப்புச் சத்தம். யாரோ விருந்தாளின்னு நினைச்சேன். நின்னு கேட்டா, சௌந்திரம் தம்பி! சுகந்தி என்னமோ கதை சொல்லுது, இவ மூச்சு வாங்கச் சிரிக்கிறா. கல்யாணமான புதுசுல அப்படிச் சிரிப்பா. எப்ப நிறுத்துனான்னு யோசிச்சுப் பாக்குறேன், எனக்குத் தெரியல. வண்டி ஒவ்வொண்ணும் எத்தனை நிமிஷம் லேட்டுன்னு முப்பது வருஷத்துக்குச் சொல்லுவேன், இது தெரியல.

ஜன்னல் வழியாப் பாத்தா, சுகந்தி அவ கையில மிஷினைக் கட்டியிருக்கு. அம்மா நூத்தி இருபத்தாறுங்குது. எனக்குச் சந்தோசம்னா சந்தோசம். கேட்டைத் தள்ளுனேன். எங்க வீட்டுக் கேட்டு கிரீச்சுன்னு கத்தும், எண்ணெய் போடணும் போடணும்னு அவதான் சொல்லிக்கிட்டே இருப்பா. அந்தச் சத்தம் கேட்டுச்சு பாருங்க, உள்ள சிரிப்பு நின்னு போச்சு. பாதியில நின்னுச்சு தம்பி. நான் உள்ள போனேன். அவ எந்திரிச்சு, முந்தானையைச் சரி பண்ணிக்கிட்டு, ‘வாங்க, சாப்பிட்டீங்களா?’ங்கிறா. மிஷின் இன்னும் கையிலதான் இருக்கு. நல்லா பாரும்மா இன்னொரு தடவைன்னு நான்தான் சொன்னேன், அவ பக்கத்துல உக்காந்துக்கிட்டு.

நூத்தி அறுபத்தி ரெண்டு.

சுகந்தி என்னைப் பாத்துச்சு. டாக்டரம்மா பாத்தாங்களே, அதே பார்வை. நான் மிஷின் பழுதுன்னேன். குடு பாப்போம்னு வாங்கி என் கையில கட்டிப் பாத்தேன். நூத்திப் பதினெட்டு தம்பி எனக்கு! இருபது வயசுப் பையனுக்குக் கூட அப்படி இருக்காது. இத்தனை வருஷம் கத்திக் கத்தி எல்லாத்தையும் நான் வெளிய தள்ளிட்டேன் போல. அவ உள்ள வாங்கி வச்சுக்கிட்டா.

லாட்ஜ்ல பரோட்டா தின்னவன்கிட்ட இருந்து என்ன அலை வந்துருக்கும், சொல்லுங்க. அலையும் இல்ல கிலையும் இல்ல. நான் வீட்டுல இல்ல, அதான் மருந்து. என் பொண்டாட்டிக்கு வியாதியே நான்தான் தம்பி. யாருகிட்டயும் இதைச் சொன்னதில்ல. உங்களை இனிமே பாக்கவா போறேன்னு சொல்றேன்.

மூணாவது தேதி இன்னைக்கு. டாக்டரம்மா கண்டிப்பாச் சொல்லிட்டாங்க, இதுக்கு மேல தள்ளிப்போட்டா நாங்க பொறுப்பில்லன்னு. நானே முடிவு பண்ணிட்டேன். எனக்கு முகாம் இருக்கு, சுகந்தி நீயே கூட்டிட்டுப் போ, நான் அங்க இருந்து அலை அனுப்புறேன்னு சொல்லிட்டேன். சௌந்திரம், ‘நீங்க வரலையா?’ன்னு ஒரு வார்த்தை கேட்டா. வரலைன்னேன். அப்புறம் பையை அடுக்குனா. அவளுக்கு நிம்மதியா இருந்திருக்கும். முகாம்லதான் என்னைச் சேக்க மாட்டாங்களே. அதான், ரிட்டையர் ஆனவனுக்குப் பாஸ் இருக்கு, சாயங்காலம் வரைக்கும் பழனிக்கும் திண்டுக்கல்லுக்கும் போயிப் போயி வருவோம்னு ஏறிட்டேன். இது ரெண்டாவது நடை.

ஆபரேஷன் நல்லபடியா முடியட்டும். நாளைக்குக் கட்டு அவுப்பாங்க. அவுக்கும்போது எதிர்ல நான் நிக்கணும்னு ஒரு ஆசை. முதல்ல என் மூஞ்சியையா பாக்கணும் அவ? வேணாம். மறுபடி ஏறித் தொலைக்கப் போகுது. மெதுவா ரெண்டு நாள் கழிச்சுப் போவோம்.

சத்திரப்பட்டி வந்துருச்சா. இருங்க, போன் அடிக்குது. மகதான். முடிஞ்சிருக்கும்.

சொல்லும்மா சுகந்தி. முடிஞ்சுதா? என்னது? நூத்தி எழுபத்தெட்டா? ஏம்மா, அது எப்படிம்மா, நான்தான் அங்க இல்லையே!

தம்பி, ஏறியிருக்காம். நான் இத்தனை மைல் தள்ளி உக்காந்திருக்கேன், அப்பவும் ஏறியிருக்கு. டாக்டரம்மா அரை மணி நேரம் குடுத்திருக்காங்களாம், இறங்கலேன்னா வீட்டுக்குத்தானாம்.

என்னம்மா? என்னைக் கேக்குறாளா? எதுக்கு? காலையில இருந்தா? சத்தமாச் சொல்லும்மா, பஸ்... ஒண்ணுமில்ல, சொல்லு.

தம்பி, என்ன சொல்லுது பாருங்க. அங்க எல்லாரும் அமைதியா இருக்காங்களாம். வரிசையில நம்மளைத் தாண்டி நாலு பேரு போயிட்டாங்களாம். இவ பயந்துபோயி, ‘உங்க அப்பா எங்க? அவரு இருந்தா இந்நேரம் யாரையாவது புடிச்சு ஒரு சத்தம் போட்டிருப்பாரே, எனக்கு ஒண்ணுன்னா கேக்கக் கூட ஆளு இல்லாம வந்து உக்காந்திருக்கேனே’ங்கிறாளாம். இந்தக் கூத்தை எங்க போயிச் சொல்ல? இருந்தாலும் ஏறுது, இல்லாட்டியும் ஏறுது!

அவகிட்டக் குடுக்கவா? வேணாம்மா. நான் என்ன பேசுறது? கத்தாமப் பேசணுமா? நான் எப்பம்மா... சரி, குடு. குடு.

சௌந்திரம். நான்தான். ம். ம். முகாம்லதான் இருக்கேன். பஸ்ஸா? அது வாசல்ல போற பஸ்ஸு. இல்ல சௌந்திரம், விசில் சத்தம் வந்து... அது...

ஐயய்யோ. தெரியுமாம் தம்பி. போன தடவையே தெரியுமாம். என் பையில லாட்ஜ் சோப்பு கிடந்துச்சாம். கண்ணு தெரியாட்டி என்ன, மூக்கு இருக்குல்ல, வாசனை சோப்பை வாசல்லயே வாங்கி வச்சுக்கிற மடத்துல இது எப்படி வந்துச்சுன்னு கேக்குறா. நானா எப்பச் சொல்லுவேன்னு மூணு மாசமா என் வாயையே பாத்துக்கிட்டு இருந்திருக்கா. சிரிக்கிறா! கேக்குதா உங்களுக்கு? இந்தாங்க, காதை வைங்க. இந்தச் சிரிப்புத்தான் தம்பி, இதேதான். நான் லைன்ல இருக்கும்போதே சிரிக்கிறா.

சௌந்திரம், சரி, சிரிச்சது போதும். இப்ப நான் சொல்றபடி செய். நிமிந்து உக்காரு. மூச்சை நல்லா இழு, இழுத்து...

...

சரி.

சரி சௌந்திரம்.

உஷ். தம்பி, மெதுவாப் பேசுறேன், போனைக் கையால பொத்தியிருக்கேன். என்ன சொன்னா தெரியுமா? ‘ஒண்ணும் பேசாதீங்க. போனையும் வச்சுறாதீங்க. சும்மா லைன்ல இருங்க.’ அம்புட்டுதான் சொன்னா. அஞ்சு நிமிஷமா நானும் பேசல, அவளும் பேசல. அவ மூச்சு விடுறது கேக்குது. வருது, போகுது. ஒரு வண்டியும் குறுக்க வரல தம்பி.

இந்த உதவி மட்டும் பண்ணுங்க. கண்டக்டர்கிட்டப் போயி, ஆயக்குடியில விசில் வேணாம், கையைத் தட்டி வண்டியை எடுக்கச் சொல்லுங்க. நான் கேட்டா சத்தம் வந்துரும். லேட் ஆனா ஆகட்டும்னு சொல்லுங்க. ஆமா, நான்தான் சொன்னேன்னு சொல்லுங்க.

சுகந்தி குரல். மிஷின் கட்டுறாங்க.

நூத்தி நாப்பத்தி நாலு. போதுமாம். உள்ள கூட்டிட்டுப் போறாங்களாம்.

இல்ல தம்பி, அழுகலை. காத்து. ஜன்னலைச் சாத்துங்க. உங்க மிஷினை எடுத்துக் காதுல மாட்டிக்கங்க, உங்களை ரொம்பத் தொந்தரவு பண்ணிட்டேன்.

போனா? அவ உள்ள போயிட்டா. சுகந்தி கையில இருக்கு, பையில போட்டிருக்கும் போல, துணி உரசுற சத்தம் மட்டுந்தான் கேக்குது. ஏன் கட் பண்ணணும்? லைன்ல இருங்கன்னு சொன்னா. எதுவரைக்கும்னு அவ சொல்லலையே.